எண்ணெய் வைக்காத தலை

மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டது. அம்மா பாட்டிலைக் காலை வெயிலில் வைத்து, உருகும்வரை பக்கத்திலேயே காவல் காத்து, பிறகு எடுத்து வந்து என் முன்னால் டொக்கென்று வைத்தாள். மூடியைக் கழற்றியே வைத்திருந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீதான் வந்தாய். மற்றவர்களுக்குத் தேங்காய் எண்ணெய் என்றால் எது நினைவுக்கு வருமோ தெரியாது. எனக்கு ஆஸ்பத்திரி வராந்தாவும் ஈரத் துண்டும், முழங்கைவரை ஷாம்பு நுரையோடு நிற்கும் நீயும்தான்.

"இன்னைக்கு மீமிசல் போறேல்ல? வச்சுக்கிட்டுப் போ," என்றாள் அம்மா.

நான் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய் வருஷம் முடிந்துவிட்டது. போன வாரம் உன் வீட்டில் திதி கொடுத்தார்கள். நான் வரவில்லை. ஏன் வரவில்லை என்று உன்னிடம் சொல்ல வேண்டும். படிக்க நீ இல்லை என்பது தெரியாமல் இல்லை. உயிரோடு இருந்தபோது மட்டும் என் மெயிலுக்கெல்லாம் உடனுக்குடன் பதில் போட்டுக் கிழித்துவிட்டாயாக்கும்.

நாம் முதன்முதலில் பார்த்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? ஒரே மாவட்டத்துக்காரிகள். நான் கீரனூர், நீ மீமிசல். இரண்டு ஊருக்கும் பொதுவாக ஒரு கல்யாண வீடுகூடக் கிடையாது. அவ்வளவு தூரம் தாண்டிப் போய், வேறு மாநிலத்தில், ஏசி குளிர் நடுக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் சந்தித்தோம். பிஎச்.டி. சேர்ந்த புதிது. கருவி எப்படி வேலை செய்கிறது என்று காட்ட ஒரு தலை தேவைப்பட்டது. புதிதாக வந்தவள் என்பதால் என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எனக்குப் பின்னால் நின்று, எட்டு வடிவத்தில் இருக்கும் அந்தக் கம்பிச்சுருளை என் தலையின் இடப்பக்கம் வைத்தது நீ. எல்லோர் முன்னாலும் அழகான ஆங்கிலத்தில், தயவுசெய்து அசையாமல் இருங்கள் என்றாய். நான் அசைந்தேன். குனிந்து என் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "அங்கிட்டும் இங்கிட்டும் ஆடாத, அறைஞ்சுருவேன்," என்றாய். அந்த 'அங்கிட்டு'க்கு நான் சிரித்த சிரிப்பில் பரிசோதனையே நின்றுபோனது.

அந்தக் கருவி 'டக்' என்று ஒரு சத்தம் போடும். காந்தத் துடிப்பு மண்டையோட்டைத் தாண்டி உள்ளே போகும். சரியான இடத்தில் பட்டால், நாம் நினைக்காமலேயே வலது கைக் கட்டை விரல் துள்ளும். அந்த இடம் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். என் தலையில் அது அகப்படவே இல்லை. மற்றவர்கள் சலித்து டீ குடிக்கப் போய்விட்டார்கள். நீ மட்டும் விடவில்லை. ஒரு நூல் இந்தப் பக்கம், ஒரு நூல் அந்தப் பக்கம் என்று நகர்த்தி நகர்த்தி, கடைசியில் என் கட்டை விரல் துள்ளியதும், கடைத்தெருவில் தொலைத்த கொலுசைக் கண்டெடுத்தவள் மாதிரி கத்தினாய். "ஒன் மூளை புத்தகத்துல போட்ட எடத்துல இல்லடி. கீழ எறங்கி ஒளிஞ்சு கெடக்கு." என் தலையில் மாட்டியிருந்த துணித் தொப்பியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாய்.

அன்றிலிருந்து ஆய்வுக்கூடத்தில் எது புதிதாக வந்தாலும் முதல் தலை என்னுடையது. உன் பரிசோதனைகளுக்கெல்லாம் நான் தலை கொடுத்தேன். நீ கை கொடுத்தாய் என்று சொல்ல ஆசைதான். ஆனால் என்னுடைய பரிசோதனை நாளில் உனக்கு எப்போதும் வேறு வேலை இருக்கும்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் நாம் இருந்த மாதங்களைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். பக்கவாதம் வந்து கை விழுந்துபோனவர்களுக்கு, தலையில் அந்த இடத்தைக் கண்டுபிடித்து, உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சை அங்கே வைத்து, மிக மெல்லிய மின்சாரம் கொடுத்துக்கொண்டே கைக்குப் பயிற்சி தருவது நம் வேலை. ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்குப் புளியங்கொட்டைகளை எடுத்துப் போட வேண்டும். மின்சாரம் சேர்ந்தால் கை இன்னும் சீக்கிரம் தேறுமா என்பதுதான் நம் கேள்வி. பெரிய நகரத்துக்காரர்களிடம் செய்து பார்த்ததை நம் ஊர்க்காரர்களிடம் செய்து பார்க்க வேண்டும் என்று நீதான் அடம்பிடித்து அனுமதி வாங்கினாய்.

வந்தவர்களின் தலையில் எல்லாம் எண்ணெய். எண்ணெய் இருந்தால் மின்சாரம் போகாது, பஞ்சு வழுக்கும், கருவி கீச்சென்று கத்தும். முதல் நாளே வீணானது. நான் ஒவ்வொருவருக்கும் போன் செய்து, நாளைக்குத் தலையில் எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். எல்லோரும் சரி சரி என்றார்கள். மறுநாள் முந்தின நாளைவிட அதிகமாக, நெற்றியில் வழிய வழிய வைத்துக்கொண்டு வந்தார்கள். மறந்துவிட்டார்கள் என்று நினைத்து மறுபடி போன் செய்தேன். படித்த திமிர், நாம் சொன்னது அவர்களுக்குப் புரியவில்லை என்றே நினைத்தேன்.

கறம்பக்குடிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வருவார்கள். வலது கை விழுந்தவர்கள். இடது கையாலேயே பூ வைத்து, பொட்டு வைத்து, பளபளவென்று வருவார்கள். அவர்களிடம்தான் நீ பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாய், ஏம்மா இப்படி என்று.

"எண்ணெ இல்லாத தலையோட பஸ்ஸுல ஏறுனா, பாக்குறவுக எங்க எழவுன்னு கேக்க மாட்டாகளா?" என்றார்கள். "எங்க வீட்டுக்காரரு நல்லா இருக்காரு தாயி. நான் எதுக்குத் தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு ஆசுபத்திரிக்கு வரணும்?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. நீ எழுந்து போனாய். மறுநாள் காலை ஒரு வாளி, ஒரு சொம்பு, ஷாம்பு பாக்கெட் சரம், நான்கைந்து துண்டு, தலை காய வைக்கும் மெஷின் எல்லாவற்றோடும் வராந்தாக் குழாயடியில் நின்றாய். எண்ணெயோடு வரட்டும், நாம் கழுவிவிட்டு உட்கார வைப்போம், போகும்போது நாமே எண்ணெய் வைத்துச் சீவி, பூ வைத்து அனுப்புவோம் என்றாய். அதற்கப்புறம் ஒருவர் தலைகூட வீணாகவில்லை. கறம்பக்குடி அம்மா பயிற்சி முடிந்து, நீ பின்னிவிட்ட தலையைக் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "இதுதான் வீட்டுக்குப் போற தலை," என்பார்கள். அவர்கள் கை கொஞ்சம் தேறியது. மின்சாரத்தால் தேறியதா, நீ தலை சீவிவிட்டதால் தேறியதா என்று நான் கிண்டல் செய்தால் உனக்குக் கோபம் வரும்.

மூளை ஆராய்ச்சிக் கணக்கில் தேங்காய் எண்ணெய் எதற்கு என்று அலுவலகத்தில் கேட்டார்கள். 'மின்முனை நீக்கிய பின்னான உச்சந்தலைப் பராமரிப்பு' என்று நீ எழுதிக் கொடுத்தாய். கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

அந்தக் குழாயடியில் வைத்துத்தான் நம் திட்டம் பிறந்தது. "ரெண்டு பேரும் வெளிய போயி போஸ்ட்டாக் முடிப்போம். நல்லாக் கத்துக்கிட்டு வந்து, புதுக்கோட்டையிலயே ஒரு ரூம் போடுவோம். வாசல்ல ஒரு கொழா, ஒரு வாளி. மெசினு அப்பறம் வரட்டும்," என்றாய். நான் அதை அப்படியே நம்பினேன். இப்போதும் அந்த அறை எனக்குத் தெரிகிறது. எந்தத் தெருவில் என்பதுகூடத் தெரிகிறது.

பட்டம் வாங்கிய பிறகுதான் நமக்கு உலகம் புரிந்தது. அறிதிறன் நரம்பியல், மூளைத் தூண்டல் ஆராய்ச்சியில் பிஎச்.டி. முடித்தவர்களுக்கு போஸ்ட்டாக் வாய்ப்பு என்று உலகம் முழுக்க விளம்பரம் வரும். ஒவ்வொன்றின் கீழும் ஒரு முழ நீளத்துக்கு நிபந்தனை இருக்கும். இந்தக் கருவியில் அனுபவம் வேண்டும், அந்த நிரல் மொழி தெரிந்திருக்க வேண்டும், பெரிய இதழில் கட்டுரை வேண்டும், மூன்று பேர் பரிந்துரைக்க வேண்டும். கடைசி வரியில், பிஎச்.டி. முடித்துக் குறிப்பிட்ட வருஷங்களுக்குள் இருக்க வேண்டும். அந்தக் கடைசி வரிதான் என் கழுத்தில் விழுந்த கயிறு. நான் ஊருக்குத் திரும்பி, கீரனூரிலிருந்து திருச்சிக்குத் தினமும் பஸ்ஸில் போய் ஒரு கல்லூரியில் தற்காலிகமாகப் பாடம் நடத்திக்கொண்டே விண்ணப்பம் போட்டேன். பஸ்ஸில் நின்றுகொண்டே நிராகரிப்பைப் படித்தேன். மிகச் சிறந்த விண்ணப்பங்கள் நிறைய வந்திருந்தனவாம், எதிர்காலம் சிறக்க வாழ்த்தாம். அந்த வாழ்த்தைக் கண்டால் எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

உனக்குக் கிடைத்தது. ஜெர்மனியில், பக்கவாதத்துக்கு மூளைத் தூண்டல் செய்யும் நல்ல ஆய்வுக்கூடம். நேர்காணலில் நீ அந்த எண்ணெய்க் கதையைச் சொன்னாயாம், அந்தப் பேராசிரியை அசந்துபோனாராம். போனில் நீ சொன்னபோது நான் சந்தோஷப்பட்டேன். பொறாமையும் பட்டேன். இரண்டும் உண்மை, உனக்கும் தெரியும். திருச்சியில் கடை கடையாக அலைந்து உனக்குக் குளிர்கோட்டு வாங்கினோம். சித்திரை வெயிலில் அதை மாட்டிப் பார்த்து, வியர்த்துக் கொட்ட, "நல்லாருக்காடி?" என்று கடைக்காரர் முன்னால் சுற்றிக் காட்டினாய்.

விசா வந்தது, பெட்டி கட்டினாய். போவதற்கு முன்னால் ஊரில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று மீமிசல் போனாய். அதற்குள் மழைக்காலம் வந்து, உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டாய். என்னிடமும் அப்படித்தான் சொன்னாய். புதுக்கோட்டைக்குக் கொண்டுவந்தபோதுதான் டெங்கு என்றார்கள், இரத்தத்தில் தட்டணுக்கள் எல்லாம் இறங்கிப்போயிருந்தன. மூளையைப் பற்றி அவ்வளவு படித்த உனக்கு, ஒரு கொசுவைப் பற்றி யோசிக்கத் தெரியவில்லையே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. இப்போதும் வருகிறது.

உன்னை எடுத்துக்கொண்டு போன பிறகு, உன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் தலை முழுகிவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். ஒருவர் தலையிலும் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. எல்லாத் தலைகளும் கழுவி, விரித்து, காய்ந்துகொண்டிருந்தன. நாம் மாதக்கணக்கில் போனில் கெஞ்சிக் கேட்டும் கிடைக்காத தலைகள். இத்தனை தலை இருக்கிறது, பஞ்சை எடு என்று உன்னைக் கூப்பிடத்தான் எனக்கு வாய் வந்தது. அங்கே உட்கார்ந்து நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு நிற்கவில்லை. பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டு, அழுகை என்று நினைத்து முதுகைத் தடவினார்கள். பிறகு அது அழுகையாகத்தான் ஆனது.

உன் ஆத்தா என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார்கள். உன் துணிகளுக்கு மேலே அந்தக் கோட்டு, விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல், கொடியில் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே, "அவ போக வேண்டிய எடத்துக்கு நீயாச்சும் போத்தா," என்றார்கள். துக்கத்தில் சொன்ன வார்த்தை. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

உன் இடம் மறுபடி விளம்பரமானது. அதே ஆய்வுக்கூடம், அதே வேலை, நீ கையெழுத்துப் போட்ட அதே இருக்கை. பார்த்ததும் மூடிவிட்டேன். பிறகு திறந்தேன். என் வருஷக் கணக்கு முடிய அதுதான் கடைசி. அதற்கு மேல் எந்த வாசலும் எனக்குத் திறக்காது. உனக்கு வந்த இடத்துக்கு நான் ஆசைப்பட்டேனடி. வெட்கப்பட்டுக்கொண்டே ஆசைப்பட்டேன். சோற்றில் கை வைக்கும்போதும் அதே நினைப்பு. கிடைத்தால் உன் கோட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். நீ செத்ததில் எனக்கு ஒரு லாபம் வந்துவிடுமோ என்று பயந்தேன். வராமல் போய்விடுமோ என்று அதைவிட அதிகம் பயந்தேன்.

நேர்காணலுக்கு அழைத்தார்கள். வீட்டில், அம்மா டிவியை அணைத்துவிட்டு அடுப்படிக் கதவையும் சாத்திக்கொண்டு உட்கார, நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். தன் குழுவோடு திரையில் வந்த அந்தப் பேராசிரியை நல்ல மனுஷி. முதலில் உன்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு வழக்கமான கேள்வி. ஆராய்ச்சியில் எதிர்பாராத ஒரு சிக்கல் வந்தபோது எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார். நான் எண்ணெய்க் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். வாளி வரைக்கும் வந்தேன். அவர் மிகுந்த கனிவோடு என்னை நிறுத்தினார். இதை உங்கள் தோழி எங்களுக்குச் சொல்லியிருக்கிறார், அதில் உங்களுடையது எது என்று கேட்டார்.

நான் யோசித்தேன். வாளி உன்னுடையது. அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது நீ. எரிச்சல்பட்டதுதான் நான். திரையில் எல்லோரும் காத்திருந்தார்கள். எனக்கு வேறொன்றும் வரவில்லை. "அந்தத் தலை என்னுடையது," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். உன் ஒவ்வொரு பரிசோதனையும் முதலில் நடந்தது என் தலையில்தான் என்றேன். அவர்கள் சிரித்தார்கள், நல்லவிதமாகத்தான். நானும் சிரித்தேன். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

பதில் உன் திதிக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மிகச் சிறந்த விண்ணப்பங்கள் நிறைய வந்திருந்தனவாம். எதிர்காலம் சிறக்க வாழ்த்து. அன்றும் பஸ்ஸில்தான் படித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனேன். உன் இடம்கூட எனக்கு இல்லையாம். நீ இருந்து உன்னிடம் இதைச் சொல்லியிருந்தால், "போகுது விடுடி, ரூமுதான போடணும்," என்றிருப்பாய். அதைச் சொல்ல ஆளில்லை. வேறு யார் சொன்னாலும் அடிக்கப் போவேன். திதியன்று உன் ஆத்தா போன் செய்தார்கள். நான் எடுக்கவில்லை. எடுத்தால், எப்பத்தா போறே என்று கேட்பார்கள். அதனால்தான் வரவில்லை. இதுதான் சொல்ல வந்தது.

இன்றைக்குப் போகத்தான் வேண்டும். அம்மா சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு என் வேலையும் புரியாது, விண்ணப்பமும் புரியாது. ஆனால் பிஎச்.டி. சேர்ந்த நாளிலிருந்து நான் தலையில் எண்ணெய் வைக்காததை மட்டும் அவள் கணக்கு வைத்திருக்கிறாள். எப்போது யாருக்குத் தலை தேவைப்படுமோ என்று அப்போது வைக்கவில்லை. நீ போன பிறகும் வைக்கவில்லை. எங்காவது ஓர் ஆய்வுக்கூடம் கூப்பிடும், போய் உட்கார வேண்டும் என்று ஒரு நினைப்பு. பைத்தியம்தான்.

இவ்வளவும் எழுதி முடிப்பதற்குள் அம்மா மறுபடி வந்தாள். எண்ணெய் மறுபடி உறைய ஆரம்பித்திருந்தது. பாட்டிலை உள்ளங்கைகளில் உருட்டிக்கொண்டே பேசினாள். "அவுகளுக்கு வருசம் கழிஞ்சுருச்சு. இன்னும் நீ காஞ்ச தலையோட வாசல்ல போயி நின்னா, பெத்தவளுக்கு எப்படி இருக்கும்? அந்தப் புள்ள திரும்பவும் செத்த மாதிரி இருக்காதா?"

 கறம்பக்குடி அம்மா உன்னிடம் சொன்னதும் இதுதான். அன்று உனக்குப் புரிந்தது, எனக்குப் புரியவில்லை. நான் போய் அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். இனி இந்தத் தலையை யாரும் கேட்கப் போவதில்லை. ஊற்றட்டும் என்று கண்ணை மூடினேன். முதல் சொட்டு உச்சியில் விழுந்ததும், என் கை தானாக மேலே போய், இடப்பக்கம், காதுக்கு மேலே கொஞ்சம் பின்னால் தள்ளி, ஓர் இடத்தை மூடிக்கொண்டது. புத்தகத்தில் போட்ட இடம் இல்லை. நீ தேடிக் கண்டுபிடித்த இடம். வேறு யாருக்கும் அது தெரியாது. இனி யாரும் தேடப்போவதும் இல்லை.

"இந்த எடத்த மட்டும் விட்டுடும்மா," என்றேன்.

ஏன் என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். "எண்ணெ அது பாட்டுக்கு ஓடும்ல," என்று முணுமுணுத்துவிட்டு, தன் கட்டை விரலை அந்த இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். அழுத்திய விரலை எடுக்காமலே, மற்றக் கையால் தலை முழுக்க எண்ணெய் தேய்த்து, ஒற்றைக் கையால் சீவ முடியாமல் சீவினாள்.

மீமிசல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. உன் ஆத்தாவிடம் என்ன சொல்வேன் என்று இன்னும் தெரியவில்லை. தலை மினுமினுவென்று இருக்கிறது, வீட்டுக்குப் போகிற தலை. அந்த ஒரு விரல் அகலம் மட்டும் காய்ந்தபடி இருக்கிறது. நீ பஞ்சை வைக்கலாம்.